வார்டு முழுக்கக் கேட்ட சொல்

எச்.ஐ.வி. பற்றிய வினாடி வினாவில் மருத்துவக் கல்லூரிக்கே முதலாவதாக வந்தவன் நாச்சியப்பன். கைதட்டல் காதில் அடங்குவதற்குள் அறுவை சிகிச்சை வார்டில் அவனுக்குப் பயிற்சி தொடங்கிவிட்டது.

பேராசிரியர் ரஹமத்நிஷா காலையில் ரவுண்ட்ஸ் வந்தபோது ஜன்னலோரக் கட்டில் காலியாகக் கிடந்தது. காலில் சீழ்க்கட்டி அறுத்துப் படுத்திருந்த தவசியைக் காணோம்.

"எங்கே அவர்?"

சிஸ்டர் நாச்சியப்பனைக் காட்டிச் சொன்னார்.

"கட்டு மாத்தப் போனேன் மேடம். இந்தத் தம்பி வாசல்ல நின்னுக்கிட்டு, 'சிஸ்டர், அந்தாளுக்கு எச்.ஐ.வி., ரெண்டு க்ளவுஸ் போடுங்க'ன்னு கத்தினாரு. வார்டே திரும்பிப் பார்த்துச்சு. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து ஓடுனாரு. தவசி பையை எடுத்துக்கிட்டு இறங்கிட்டாரு."

நாச்சியப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஜாக்கிரதைக்குத்தான் மேடம் சொன்னேன். சிஸ்டருக்குத் தொத்திக்கிட்டா யார் பொறுப்பு?"

"எப்படித் தொத்தும்? சொல்லு."

அவன் மடமடவென்று ஒப்பித்தான். உடலுறவு, ரத்தம், ஊசி, தாயிடமிருந்து பிள்ளைக்கு.

"தொட்டா?"

"தொத்தாது."

"பக்கத்துக் கட்டில்ல படுத்தா?"

"தொத்தாது மேடம்."

"கட்டு மாத்த எத்தனை க்ளவுஸ்?"

"எல்லா நோயாளிக்கும் போடுற மாதிரி, ஒரு ஜோடி."

"இவ்வளவும் தெரிஞ்ச வாய்தானாடா அப்படிக் கத்துச்சு?"

பேராசிரியர் கட்டுப் போடும் சாமான்களை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினார்.

"நீயும் வா."

ஆஸ்பத்திரி வாசல் பேருந்து நிறுத்தத்தில் தவசி உட்கார்ந்திருந்தார். கட்டு நனைந்து சீழ் செருப்புவரை வடிந்திருந்தது. பேராசிரியர் அவர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். தவசி காலை இழுத்துக்கொண்டார்.

"விடுங்கம்மா. இங்கேயும் எல்லாருக்கும் தெரியணுமா?"

"புண்ணுக்குக் கட்டு மாத்துறேன். பார்க்கிறவங்களுக்கு அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது." அவர் குரல் பக்கத்தில் நின்ற நாச்சியப்பனுக்கே பாதிதான் கேட்டது.

ஒரு ஜோடி கையுறை போட்டுக்கொண்டு பழைய கட்டைப் பிரித்தார். தவசி மெல்லப் பேசினார்.

"பல வருஷமா மாத்திரைய ஒருநாளும் விட்டதில்ல டாக்டரம்மா. ரத்தத்துல கிருமியே தெரியலன்னு போன மாசம்தான் சொன்னாங்க. கூடப் பொறந்த தங்கச்சிக்குக்கூடச் சொன்னதில்ல. பக்கத்துக் கட்டில்காரரு எங்க தெரு. இந்நேரம் போன் போட்டிருப்பாரு."

"வார்டுக்கு வாங்க. தனி ரூம் தர்றேன்."

"எந்த முகத்த வச்சுக்கிட்டு வர?"

நாச்சியப்பன் குனிந்தான். "மன்னிச்சிருங்கண்ணே."

தவசி அப்போதுதான் அவனை ஏறிட்டுப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"எங்கிட்ட எதுக்குத் தம்பி? எங்க தெருவுல போய்ச் சொல்லு."

பேருந்து வந்தது. தவசியின் ஊர்ப்பக்கம் போகிற வண்டி அல்ல.

"திருப்பூர் போறேன் டாக்டரம்மா. அங்க என்னை யாருக்கும் தெரியாது."

"போனதும் பெரியாஸ்பத்திரியில காட்டுங்க. காய்ச்சல் வந்தா உடனே எனக்குப் பேசுங்க." மிச்சமிருந்த பஞ்சையும் துணிச்சுருளையும் தவசியின் பைக்குள் திணித்தார். தவசி காலை இழுத்து இழுத்து ஏறினார்.

வண்டி திரும்பி மறைந்தபின்னும் இருவரும் அங்கேயே நின்றார்கள்.

"மேடம், எல்லாம் தெரிஞ்சிருந்தும் எனக்குப் பயமா இருந்துச்சு. பயப்படுறது தப்பா?"

பேராசிரியர் பேருந்து போன திசையைப் பார்த்தபடியே சொன்னார்.

"பயந்தவன் நீ. ஊரை விட்டுப் போறவர் அவர்."