உப்பளத்தில் நான்கு நாள்

வைத்தியருக்கு வயிற்றெரிச்சல் வராது என்று யார் சொன்னது? மாசிலாமணிக்கு வந்தது. நன்றாகவே வந்தது. அதற்கு மருந்து சொல்லும் பாட்டு அவர் மனப்பாடம் பண்ணிய ஏடுகளில் ஒன்றில்கூட இல்லை.

ஆசானிடம் அவர் சேர்ந்து இருபது வருஷம். நாடி பிடித்தால் தப்பாது. கடைத்தெரு வைத்தியசாலையில் கூட்டம் அவருக்குத்தான். வெள்ளையப்பன் வந்து மூன்றே வருஷம். கஷாயத்தையே இரண்டு தடவை கேட்டுத்தான் காய்ச்சுவான். ஊருக்கு வெளியே, உப்பளக்காரர்கள் குடியிருப்புக்கு ஆசான் அவனை அனுப்பியபோது, "தொலைந்தான்!" என்று மாசிலாமணி வாய்க்குள் சிரித்துக்கொண்டார்.

இப்போது அங்கே மூன்று பிள்ளைகளுக்கு வெள்ளையப்பன் என்று பெயர். சந்தையில் அவனைக் கண்டால் பெண்கள் கூடையை இறக்கிவைத்துக் கும்பிடுகிறார்கள். மாசிலாமணி என்று ஊரில் ஒரு நாய்க்குட்டிகூட இல்லை. வருகிற வைகாசியிலோ ஆசான் தன் இடத்தை ஒருவரிடம் விடப்போகிறார். சோறு இறங்குமா?

"ஆசானே, வாய்விட்டே கேட்டுடுறேன். எனக்குப் பொறாமையா இருக்கு. என்கிட்ட இல்லாதது அவன்கிட்ட என்ன இருக்கு?"

ஆசான் மருந்துப்பெட்டியை எடுத்து நீட்டினார்.

"நாலு நாள் உப்பளத்துக்கு நீ போய்வா. அவன் இங்க இருக்கட்டும்."

மாசிலாமணி சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனார். பாத்திகளுக்கு எதிரே ஓலைக் கொட்டகையில் பாய் விரித்து, பெட்டியைத் திறந்துவைத்து, பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். நாலு நாளும் அப்படித்தான். ஐந்தாம் நாள் காலை முகம் சிவக்க ஆசான் முன் வந்து நின்றார்.

"ஒரு ஈ காக்கா வரலை, ஆசானே! தைலத்துல ஒரு சொட்டுக் குறையலை. அந்தப் பய என்னைப் பத்தி என்னமோ சொல்லிவச்சிருக்கான்."

"அங்க யாருக்கும் நோவு இல்லையோ?"

"இல்லாம என்ன! எல்லாம் கண்ணெதிரேதானே நடக்கு? உப்பு அரிச்ச காலோட நொண்டிக்கிட்டே உப்பு வாருறாங்க. ஒருத்தி பிள்ளையை வரப்புல போட்டுட்டு வாருறா. அது நாலு நாளும் இருமுன இருமல் இன்னும் என் காதுல கேக்குது. பாதியில கரையேறுனா அன்னிக்குக் கூலி கிடையாதாம். அதுக்காக உடம்பை விட்டுட முடியுமா?"

"நீ என்ன செஞ்சே?"

"கைதட்டிக் கூப்பிட்டேன். தொண்டை கட்டுற மட்டும் கூப்பிட்டேன். ஒருத்தர் வரணுமே! அவனைத் தேடி மட்டும் எப்படி ஓடி வாராங்க? என்ன வசியம் வச்சான், சொல்லுங்க!"

ஆசான் பெட்டியைத் திறந்து பார்த்தார். போனபடியே நிறைந்திருந்தது. மூடி, மறுபடியும் அவர் கையிலேயே கொடுத்தார்.

"அவனைத் தேடியும் அங்க ஒருத்தரும் வந்ததில்லையே, மாசிலாமணி."