ரெண்டு மணி ஆட்டம்

"இன்னும் எத்தனை வருஷம் மாஸ்டர், தூங்குறவங்களுக்கே ஆடறது?"

நாட்டிய விழா அரங்கத்தின் ஒப்பனை அறையில் நின்றுகொண்டு குஞ்சிதம் கேட்டாள். அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. மாஸ்டர் சோமசேகரன் நாலு வயது சின்னவர். பழைய வாத்தியார் போன பிறகு இவரிடம் கற்க வந்து சேர்ந்தவள் குஞ்சிதம். ஆடும்போது மேடையோரம் உட்கார்ந்து, ஜதி சொல்லி, வெண்கலக் கைத்தாளம் தட்டுகிறவரும் இவர்தான்.

மாஸ்டர் ஆறிப்போன காபியைக் குடித்தார்.

மாநகர விழாவில் பதினோரு வருஷமாக அவளுக்கு மத்தியானம் ரெண்டு மணிதான். கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு ஏசிக்காக உள்ளே வருகிற கூட்டம். முன்வரிசையில் ஒருத்தர் குறட்டையே விடுவார். போன வருஷம் அந்தக் குறட்டை தாளம் தப்பாமல் வந்தது.

"இந்த வருஷம் ஏழு மணி தர்றேங்கறார் விழாச் செயலாளர். நாளைக்கு, நவீன நடனக் குழுவுக்கு முன்னாடி," என்றாள் குஞ்சிதம்.

"நல்லதுதானே?"

"முக்கால் மணி வர்ணத்தைப் பன்னிரண்டு நிமிஷத்துல முடிக்கணுமாம். மேடையில பக்கவாத்தியம் கிடையாது. ஒலிப்பதிவுதான்."

"அப்போ நான்?"

"கீழே உட்கார்ந்து பார்க்கலாம். பாஸ் தர்றாங்களாம்."

மாஸ்டர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். ஒத்துக்கட்டுமா?"

"நான் சொன்னா கேப்பீங்களா?"

"மாட்டேன். உங்க இடம் போகுது. வேணாம்னுதான் சொல்வீங்க."

"ஆமா. வயிறு எரியுது," என்றார் மாஸ்டர். "உங்க போனை எடுங்க."

"எதுக்கு?"

"ஒலிப்பதிவு வேணுமில்ல? எவனோ தட்டிக் கெடுக்கறதுக்கு நானே தட்டித் தர்றேன். பாட்டை அப்புறம் சேர்த்துக்கலாம். முதல்ல ஜதி."

சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். போனை முன்னால் வைத்துக்கொண்டு, ஜதி சொல்லிக்கொண்டே தட்டினார். நாலு நிமிஷம். ஒரு பிசிறு இல்லை.

"ஆடுங்க."

பதிவை ஓடவிட்டு ஆடினாள். நன்றாகத்தான் போயிற்று. கடைசிச் சொற்கட்டில், முட்டி மடக்கிய அரைமண்டியிலிருந்து எழுந்து பாதம் வைக்க வேண்டிய இடத்தில், தாளம் முதலில் விழுந்தது. பாதம் பிறகு விழுந்தது.

"இன்னொரு தடவை."

அதே இடம். அதே மாதிரி.

மூன்றாவது தடவையும் அப்படியே ஆனதும் குஞ்சிதம் போனை நாற்காலியில் வீசினாள்.

"வேணும்னே தாளத்தை வேகமா ஓட்டிட்டீங்க! ஏழு மணிக்கு ஊர் முன்னாடி நான் அசிங்கப்படணும். அதானே?"

"தாளம் காட்டுற ஆப் இருக்கில்ல? வெச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தாள். பதிவும் ஆப்பும் ஒன்றாக நடந்தன. முடியளவுகூட விலகவில்லை.

"சரியாத்தான் இருக்கு." குரல் இறங்கியிருந்தது. "அப்புறம் எப்படி? மேடையில நான் ஒரு தடவைகூடத் தப்பினதில்லையே."

"நீங்க தப்பலை. நான்தான் தப்பினேன்."

"என்ன?"

"ஏழு வருஷம் முன்னாடி பஸ் படியில விழுந்தீங்களே, அதுல இருந்து வலது முட்டி லேட்டா எழும்புது. ஒரு நாள் கால் மூச்சு, ஒரு நாள் அரை மூச்சு. எழும்பறதைப் பார்த்துட்டுத்தான் நான் தட்டுவேன். மிருதங்கக்காரர் ரெண்டு தடவை திட்டிட்டார். உமக்குத் தாளம் தெரியாதாய்யான்னார். தெரியாதுன்னேன்."

குஞ்சிதம் தரையில் உட்கார்ந்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா காலையே கவனிச்சுட்டு ஆடுவீங்க. முகம் செத்துப்போகும்."

போன் அடித்தது. செயலாளர்.

"என்னம்மா, ஏழு மணி உறுதிதானே? போர்டுல பேர் எழுதணும்."

"எழுதுங்க. பன்னிரண்டு நிமிஷம், சரி. ஆனா மாஸ்டர் மேடையில உட்காருவார்."

"அது ஆகாதும்மா. குழுவோட செட் போட்டாச்சு."

"ஒரு ஓரமா. ஒரு பாய் விரிக்கற இடம் போதும்."

"ஆகாது."

"பத்து நிமிஷத்துல முடிச்சுத் தர்றேன். ரெண்டு நிமிஷம் உங்களுக்கு லாபம்."

"இது என்ன கத்தரிக்கா வியாபாரமா? ஏழு மணிக்கு இருபது பேர் வரிசையில நிக்கறாங்கம்மா."

குஞ்சிதம் மாஸ்டரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார், தனக்கும் இந்தப் பேச்சுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி.

"அப்போ அந்த இருபதுல ஒருத்தருக்குக் குடுங்க. எனக்கு ரெண்டு மணியே போடுங்க."

வைத்துவிட்டாள். அழவில்லை. அழுகிற தெம்பு இல்லை.

"பதினோரு வருஷமாக் கேட்டது," என்றாள். "கையில வந்து விழுந்துது. என் வாயாலயே வேணாம்னுட்டேன்."

மாஸ்டர் கைத்தாளத்தைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

போனைப் பையில் போட்டுவிட்டு அவளே கேட்டாள்.

"நாளைக்கு எப்படித் தட்டுவீங்க? சரியாவா, தப்பாவா?"

"எனக்கென்னம்மா தெரியும்? முட்டியைக் கேட்டுத்தான் சொல்லணும்."