இலவம்பஞ்சில் நூற்ற நூல்

வெகு காலத்துக்கு முன், பெயர் மறந்துபோன ஒரு ராஜ்யத்தில், ராஜாவுக்கு நூல் நூற்கும் பைத்தியம் பிடித்தது.

யாரோ ஒரு வணிகன், கையால் சுழற்றி நூல் நூற்கும் தக்ளி ஒன்றைக் காணிக்கையாக வைத்துவிட்டுப் போனான். அன்று மாலைக்குள் ராஜா ஒரு முழம் நூல் இழுத்துவிட்டார். அவ்வளவுதான்! மறுநாள் முதல் சபையில் எல்லார் கையிலும் தக்ளி. மந்திரி வழக்கு விசாரித்துக்கொண்டே நூற்றார். புலவர் நூற்கிற மும்முரத்தில் பாட்டை மறந்தார்.

எல்லாரையும் முந்தியவன் சபையின் விகடகவி கொழுந்தப்பன். பருத்தியோடு நிற்காமல், கையில் கிடைத்ததையெல்லாம் முறுக்கிப் பார்த்தான். ஆட்டு ரோமத்தைச் சீவி நூற்றான். வாழைநாரை ஈரத்தோடு முறுக்கினால் பிசிறு அடங்குவதைக் கண்டுபிடித்தான். ஒருநாள் பட்டிழையையும் பருத்தியிழையையும் சேர்த்து முறுக்கி மினுமினுவென்று ஒரு நூல் கொண்டுவந்தான். ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கியே ஓடிவந்துவிட்டார்.

"கொழுந்தப்பா! இப்படி என் பக்கத்தில் உட்கார். எப்படிச் செய்தாய், காட்டு!"

படைத்தலைவரான தளவாய் மகுடபதிக்கு வயிறு எரிந்தது. அவர் நூற்ற நூலில் எருமையைக் கட்டலாம். போதாததற்கு, எட்டு நாளாக வீட்டில் ரகசியமாக இலவம்பஞ்சோடு மல்லுக்கட்டித் தோற்றிருந்தார். அது வழவழப்பான பஞ்சு. முறுக்கு ஏறுவதற்குள் நழுவிவிடும்.

"மகாராஜா, கொழுந்தப்பனுக்கு நூற்க வராத பஞ்சே இல்லையாம். இலவம்பஞ்சில் நூற்றுக் காட்டட்டுமே" என்றார்.

"அருமை!" என்று ராஜா துள்ளினார். "கொழுந்தப்பா, மூன்று நாள் தவணை. இலவம்பஞ்சில் நீ நூல் நூற்க வேண்டும். முடியாவிட்டால் இந்தச் சபையில் உனக்கு இடமில்லை."

கொழுந்தப்பன் வீட்டுக்கு ஓடினான். நனைத்துப் பார்த்தான், கஞ்சி தடவிப் பார்த்தான். பஞ்சு பறந்ததே தவிர நூலாகவில்லை. அவன் தும்மிய தும்மலில் அவன் மனைவி மாதங்கி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"ஏங்க, இந்தப் பஞ்சு தனியா நூலா நிக்காட்டி என்ன? கொஞ்சம் பருத்தியைச் சேர்த்து அடிச்சுப் பாருங்களேன்."

இரண்டு பங்கு பருத்தியோடு ஒரு பங்கு இலவம்பஞ்சைக் கலந்து அடித்தார்கள். தக்ளி சுழன்றது. நூல் நின்றது! கொழுந்தப்பன் கூத்தாடினான். உடனே முகம் வாடினான்.

"கலப்படம்னு தளவாய் குதிப்பாரே!"

"ராஜா என்னதான் சொன்னாரு? அவர் சொன்னபடியே சொல்லுங்க."

"இலவம்பஞ்சில் நீ நூல்..." பாதியில் நிறுத்தி விழுந்து விழுந்து சிரித்தான்.

மூன்றாம் நாள் காலை சபையில் பெரிய மரத்தொட்டி ஒன்றை வைத்து, மூட்டை மூட்டையாக இலவம்பஞ்சைக் கொட்டச் சொன்னான். உள்ளே இறங்கி இடுப்பளவு பஞ்சில் உட்கார்ந்தான். மடியிலிருந்து பருத்தியை எடுத்து விறுவிறுவென்று நூற்கத் தொடங்கினான்.

"மோசடி! அது பருத்தி!" என்று கத்தினார் மகுடபதி.

"பருத்திதான் தளவாயாரே. குளத்தில் மீன் நீந்துகிறது என்றால், குளத்தைத் திரித்தா மீன் செய்தார்கள்? இலவம்பஞ்சில் நூற்கச் சொன்னீர்கள். இதோ, இலவம்பஞ்சில் இருந்துதானே நூற்கிறேன்?"

ராஜாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"வெறும் வார்த்தை ஜாலம்! அந்தப் பஞ்சை நூற்க இவனால் முடியாது" என்றார் மகுடபதி.

கொழுந்தப்பன் வெள்ளைக் கரடி போலத் தொட்டியிலிருந்து எழுந்து, ஒரு நூல்கண்டை ராஜாவிடம் நீட்டினான். "தனியாக முடியாதுதான், மகாராஜா. பருத்தியின் துணையோடு முடியும். கண்டுபிடித்தவள் என் மனைவி."

ராஜா நூலைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். கண்கள் விரிந்தன. "அடடா, பூனைக்குட்டியின் வயிறு மாதிரி இருக்கிறதே! மாதங்கிக்கு என் வெள்ளித் தக்ளி. உனக்கு இந்த முத்துமாலை. சீக்கிரம், இன்னும் கலவை வேண்டும்! தளவாயாரே, வில் பிடித்த கை உம்முடையது. இதைப் பிடியும்!"

அவர் நீட்டியது பஞ்சு அடிக்கும் வில்.

மகுடபதி ஓர் அடிதான் அடித்தார். பஞ்சு குபீரென்று கிளம்பி அவர் மீசையில் அப்பிக்கொண்டது. ராஜா குலுங்கிச் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று தொட்டிக்குள் விழுந்து பஞ்சில் மறைந்தது. சேவகர்கள் பதறி ஓடிவந்தார்கள்.

"அது கிடக்கட்டும்!" என்றார் ராஜா, தக்ளியைச் சுழற்றிக்கொண்டே. "கொழுந்தப்பா, பஞ்சைக் கொடு!"