நீலத் தொட்டியை எதில் போடுவது?

வெள்ளந்திப்பட்டி நடுத்தெருவில் கொம்பையாவுக்குக் கவலை வந்தது ஒரு புதன்கிழமை. குப்பை வண்டி ஓட்டும் பேச்சியம்மாள் தெருவுக்கு மூன்று தொட்டிகளை இறக்கி வைத்துவிட்டு அவனிடம் சொன்னாள்:

"அண்ணாச்சி, இனிமே குப்பையைப் பிரிச்சுத்தான் போடணும். ஈரமானது பச்சையில, காஞ்சது நீலத்துல, எதுக்கும் உதவாதது சிவப்புல. மாத்திப் போட்டா அள்ள மாட்டேன்."

வெள்ளிக்கிழமை அவன் மகள் செண்பகத்தைப் பெண் பார்க்க வருகிறார்கள். வாசலில் குப்பை கிடந்தால் மரியாதை என்னாவது? தெருவையே கூட்டி வைத்து, ஓர் எழுத்து பிசகாமல் ஒப்பித்தான்.

பக்கத்து வீட்டுச் சங்கிலி தன் கிழிந்த தலையணையைத் தையல் தையலாகப் பிரித்தான். தெரு முழுக்க இலவம்பஞ்சு பறந்தது. கொம்பையாவின் தம்பி பிச்சக்கனி ஒன்றையும் பிரிக்கவில்லை. நேராகப் போய்ச் சிவப்புத் தொட்டிக்குள் இறங்கி நின்றுகொண்டான்.

"என்னலே இது?"

"எதுக்கும் உதவாதவன்னு அப்பா முப்பது வருஷமாச் சொன்னாரே, மறந்துட்டியாண்ணே?"

அப்பா பேச்சுக்கு மறுபேச்சு உண்டா? சாப்பாடு மட்டும் தொட்டிக்கே போயிற்று.

வியாழன் காலை பச்சையில் போட்ட வாழைப்பழத் தோல் மதியத்துக்குள் காய்ந்துவிட்டது. பொறுக்கி நீலத்தில் போட்டார்கள். நாலு மணிக்குத் தூறல். நீலத்தில் கிடந்த காகிதமெல்லாம் நனைந்து பச்சைக்கு வந்தது. வெயில் எட்டிப் பார்த்ததும் மறுபடியும் நீலத்துக்கு. தெருவுக்கே இடுப்பு ஒடிந்தது.

வெள்ளி காலை கொம்பையா நீலத் தொட்டியைத் தட்டிப் பார்த்தான்.

"ஏலே சங்கிலி, இந்தத் தொட்டியும் காஞ்சுதானே இருக்கு? இதை எதுல போட?"

"நீலத்துலதான்."

"இதுதானலே நீலம்!"

தெருவே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா பொன்னுலிங்கம் விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார். மீசையைத் தடவி யோசித்தார்.

"தொட்டியைக் கவுத்துங்க. உள்பக்கம் வெளிப்பக்கம் ஆயிரும். அப்ப வெளிய இருக்கிற வீடு, தெரு, நாம, எல்லாமே தொட்டிக்குள்ளதான்."

"அப்ப தொட்டி எதுக்குள்ள?"

"அது தெருவுலதானே இருக்கு?"

கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்பேர்ப்பட்ட மூளைக்காரர் வீட்டில் வாழ மகள் கொடுத்து வைத்திருக்க வேண்டும்! தொட்டியைக் கவிழ்த்தான். குப்பையெல்லாம் வாசலில் கொட்டியது. பாரம் இறங்கிய நிம்மதியில் அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அப்போதுதான் கொம்பையா கவனித்தான்.

"சம்பந்தி, உங்க நெத்தியில வேர்வை. நீலத்துக்குள்ள காஞ்சதுதானே இருக்கணும்?"

பொன்னுலிங்கம் பதறிப்போனார். ரெண்டு குடும்பமும் கையை அகல விரித்து மொட்டை வெயிலில் காய நின்றது. காயக் காய வேர்த்தது. வேர்க்க வேர்க்க நின்றார்கள்.

பேச்சியம்மாளின் வண்டி முக்கில் திரும்பி, பாதித் தெருவிலேயே நின்றுவிட்டது.

கொம்பையா கையை மடக்காமலே கத்தினான்: "ஒரு அஞ்சு நிமிசம் பொறு தாயி, அக்குள் மட்டும்தான் பாக்கி!"