விக்கலுக்கு ஒரு பேர்

மனைவி பவளத்தைக் காற்று தொட்டாலும் பொறுக்காதவர் மிராசுதார் சிங்காரவேலு. ஒருநாள் விருந்தாளிகளுக்குப் பரிமாறும்போது அவளுக்கு விக்கல் எடுத்தது. சமையற்காரி சடைச்சி தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தாள்.

"தள்ளி நில்லுடி. எவனோ இவளை நெனைக்கிறான். அவன் பேரைச் சொன்னா விக்கல் நின்னுடும். யாருன்னு கண்டுபிடி, இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே" என்று தடுத்தார் மிராசுதார்.

கணக்குப்பிள்ளை முதல் வண்டிக்காரன் வரை ஊரிலுள்ள ஆம்பளைப் பேரையெல்லாம் சடைச்சி சொல்லிப் பார்த்தாள். விக்கல் நிற்கவில்லை.

"ஐயா பேர் ஒண்ணுதான் பாக்கி. சொல்லட்டுங்களா?"

பந்தியே இலையை விட்டு நிமிர்ந்தது. தன் பேருக்கும் நிற்காவிட்டால்? மிராசுதாருக்கு வியர்த்துவிட்டது.

"விக்கலுக்குத் தண்ணிதாண்டி மருந்து. இதுகூடத் தெரியாதா?"

"அதைத்தானுங்க அப்போலேருந்து கையிலே வச்சுக்கிட்டு நிக்கிறேன்" என்றாள் சடைச்சி.