பட்டுப்புழுவின் நான்கு உறக்கங்கள்

அந்தக் காலத்தில் பருவங்களுக்குக் கால்கள் இருந்தன. கிழக்கே, சீன தேசத்து மலைகளுக்கு நடுவில், பட்டுப்புழு தின்னும் முசுக்கொட்டை மரங்கள் அடர்ந்த ஒரு பள்ளத்தாக்கு. அங்கே பருவங்கள் நடந்துதான் வரும். வசந்தம் ஆற்றங்கரையோரம் பாதம் நனைய வரும். கோடை தெற்குச் சரிவில் விசிறியோடு இறங்கும். இலையுதிர்காலம் மேற்குக் கணவாய் வழியாகச் சாம்பல் நிறக் குடை பிடித்து வரும். குளிர்காலம் எந்த வழியாக வந்தது என்று யாரும் பார்த்ததில்லை. காலையில் எழுந்தால் வந்திருக்கும், அவ்வளவுதான்.

வந்த பருவங்கள் வெளியே தங்குவதில்லை. மனிதர்களின் வயிற்றில்தான் குடியிருக்கும். வசந்தம் முளைக்கீரையோடு உள்ளே போகும், கோடை முலாம்பழத்தோடு, இலையுதிர்காலம் பேரிக்காயோடு, குளிர்காலம் ஆட்டுக்கறியோடு. ஒன்று காலி செய்த பிறகுதான் அடுத்தது குடிவர வேண்டும் என்பது ஏற்பாடு. நடுவில் அந்த வயிற்று வீட்டைப் பெருக்கித் துடைத்து வைக்க ஒருத்தி இருந்தாள். அவளும் ஒரு பருவம்தான், ஐந்தாவது. ஆனால் அவளுக்கென்று மாதமும் இல்லை, வீடும் இல்லை. ஒவ்வொரு பருவத்தின் வால் பக்கமாக வருவாள், பெருக்குவாள், போய்விடுவாள். இடைக்காரி என்று கூப்பிட்டார்கள். வெளிறிய மஞ்சள் உடுப்பு; அதன் ஓரம் எப்போதும் ஈரமாகவே இருக்கும்.

இடைக்காரி ஒரு விஷயத்தில் மட்டும் கறார். ஒரு கூரைக்கு அடியில் ஏதாவது ஒரு வாய் மென்றுகொண்டிருந்தால் அந்த வாசற்படியை மிதிக்கமாட்டாள். எந்த வாய், யாருடைய வாய் என்றெல்லாம் எட்டிப் பார்க்கமாட்டாள். காதை வைத்துக் கேட்பாள், திரும்பிவிடுவாள். கீழே ஒருத்தி பெருக்கும்போது மேலே ஒருவன் குப்பை கொட்டிக்கொண்டிருந்தால் யார்தான் பெருக்குவார்கள்?

அந்தப் பள்ளத்தாக்கில் மெய்ஷூ என்று ஒருத்தி பட்டுப்புழு வளர்த்தாள். வீட்டில் அவளும் புருஷன் தாவ்பனும்தான். ஆற்றில் மூங்கில் தெப்பம் ஓட்டும் தாவ்பனுக்குச் சாப்பாடு என்றால் உயிர். ஊரில் எந்த வீட்டு அடுப்பு புகைகிறது என்பதைத் தெப்பத்தில் நின்றபடியே சொல்லிவிடுவான். குளிர்காலத்து ஆட்டுக்கறி வயிற்றில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்போதே வசந்தத்தின் கீரை உள்ளே வந்தது. கீரைக்கு இடம் இல்லாமல் முனகிக்கொண்டிருக்கும்போதே கோடையின் முலாம்பழம் வந்து விழுந்தது. கோடை முடிகிற சமயத்தில் தாவ்பன் படுத்த படுக்கையானான். வயிறு பறை மாதிரி விறைத்துப்போயிற்று. நாக்கில் பாலாடை மாதிரி வெள்ளைப் படலம். முகம் மஞ்சள் பாரித்துவிட்டது. ஒரு மிடறு தண்ணீர் உள்ளே போனாலும் இரண்டு மிடறாக வெளியே வந்தது.

"என் வயித்துல சத்திரம் நடக்குது மெய்ஷூ," என்றான். "வந்தவன் எவனும் காலி பண்ண மாட்டேங்கிறான்."

"சிரிக்காதீங்க. சிரிச்சா இன்னும் வலிக்கும்."

"அழுதாலும்தான் வலிக்குது. அதுக்கு இது தேவலை."

பக்கத்து வீட்டு லோவின் மனைவி ஒரு கிண்ணம் நிறைய இறைச்சிக் கொழுக்கட்டையோடு வந்தாள். "சாப்பிட்டாத்தானே தெம்பு வரும். ஒண்ணே ஒண்ணு வாயில போடச் சொல்லு," என்றாள். மெய்ஷூ அதை வாங்கி மூடி வைத்தாள். தாவ்பன் மூடியைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். ஒரு கொழுக்கட்டையைப் பார்த்து அவன் முகம் திருப்பியதை அன்றுதான் அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

மேற்குக் கணவாயில் சாம்பல் குடை தெரிய ஆரம்பித்துவிட்டது. இலையுதிர்காலமும் பேரிக்காயோடு உள்ளே வந்துவிட்டால் அந்த வயிறு தாங்காது. அதற்கு முன் இடைக்காரி வந்தாக வேண்டும். போன இரண்டு தடவையும் அவள் இந்த வாசல் வரை வந்து திரும்பிப் போனதை மெய்ஷூ பார்த்திருந்தாள். அடுப்பில் எப்போதும் ஏதாவது இருந்தது, புருஷன் வாயில் எப்போதும் ஏதாவது இருந்தது. இந்தத் தடவை அப்படி நடக்கவிடக் கூடாது என்று முடிவுகட்டினாள்.

அடுப்பை அணைத்தாள். கொழுக்கட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். ஆட்டைத் தெருக்கோடிக்கு இழுத்துப் போனாள்.

"நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்றது ஆடு.

"மெல்லுறே."

"மெல்லாம இருந்தா எனக்கு வேற என்ன வேலை தெரியும், சொல்லு? தெப்பம் ஓட்டவா?"

அதைப் புளியமரம் போலப் பரந்திருந்த ஒரு மரத்தில் கட்டிவிட்டு வந்தாள். கோழிகளை விரட்டினாள். தானும் பல்லைக் கடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

மதியத்துக்கு மேல், வெயிலுக்கும் மேகத்துக்கும் நடுவிலான ஒரு வெளிச்சத்தில் இடைக்காரி வந்தாள். கக்கத்தில் துடைப்பம். நடந்த இடமெல்லாம் மண் லேசாக ஈரமாயிற்று. தூக்கத்தில் நடப்பவள் மாதிரி வாசல் வரை வந்தாள், தலையைச் சாய்த்துக் கேட்டாள், திரும்பி நடந்தாள்.

மெய்ஷூ ஓடிப்போய் உடுப்பின் ஓரத்தைப் பிடித்தாள். கை நனைந்தது.

"ஏன் போறீங்க? வீட்ல ஒரு சத்தம் இல்லையே!"

"மென்னுக்கிட்டு இருக்காங்களே, தாயீ."

"யாரு? அவரு தண்ணிகூடக் குடிக்கலை. நான் நேத்திலேர்ந்து ஒண்ணும் தொடலை. ஆட்டைக்கூடக் கொண்டுபோய்க் கட்டிட்டேன்."

"ஓர் ஊரே மெல்லுற மாதிரி இருக்கு. உனக்குக் கேக்கலை?"

"சத்தியமாக் கேக்கலை."

இடைக்காரி அவளைப் பார்த்தாள். கோபம் இல்லை. எல்லா வீட்டு வாசலிலும் நின்றுவிட்டு எந்த வீட்டிலும் தங்காதவளின் அயர்ச்சிதான் அந்தக் கண்ணில் இருந்தது. "பொழுது மலைக்குப் பின்னால இறங்குற வரைக்கும் இந்தத் தெருவுலதான் இருப்பேன். அதுக்குள்ள அடங்கினா வர்றேன். இல்லைன்னா, குளிர் தொடங்குறதுக்கு முன்னாலதான்."

குளிர் தொடங்கும்வரை தாவ்பன் இருக்கமாட்டான்.

மெய்ஷூ வீட்டுக்குள் வந்து அறை அறையாக நின்று கேட்டாள். ஒன்றுமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அப்போது அவளுக்குத் தன் கல்யாணம் நினைவுக்கு வந்தது. இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் 'ஐயோ, மழை' என்று பதறி முற்றத்துத் துணியை எடுக்க ஓடினாள். வெளியே நல்ல வெயில். தாவ்பன் விழுந்து விழுந்து சிரித்தான். அது மழை இல்லை, புழுக்கள் இலை தின்கிற சத்தம். அதற்குப் பிறகு எப்போது அந்தச் சத்தம் அவள் காதிலிருந்து கழன்று போயிற்று? அவளுக்குத் தெரியவில்லை. தன் மூச்சு தனக்குக் கேட்காத மாதிரி அதுவும் கேட்காமல் போயிருந்தது.

புழு அறையின் கதவைத் திறந்தாள். தட்டுத் தட்டாக மூங்கில் அடுக்குகள். ஆயிரமாயிரம் வெள்ளைப் புழுக்கள். அந்தக் காலத்தில் பட்டுப்புழுக்களுக்கு உறக்கம் என்பதே கிடையாது. முட்டையை விட்டு வந்த கணம் தொட்டுக் கூடு கட்டும் நாள்வரை தின்னும். நிறுத்தினால் செத்துவிடுவோம் என்று அவற்றின் தாய்கள் முட்டைக்குள்ளேயே சொல்லி அனுப்பியிருந்தன.

"கொஞ்ச நேரம் நிறுத்துங்க," என்றாள் மெய்ஷூ. "பொழுது சாயற வரைக்கும்."

"நிறுத்தினா செத்துருவோம்மா," என்றன புழுக்கள், வாயில் இலையோடு.

"நிறுத்தலைன்னா அவரு செத்துருவாரு."

ஒரு கணம்கூட அமைதி இல்லை. அந்தப் பதிலையும் சேர்த்து மென்றுகொண்டிருந்தன.

கதவோரத்து இலைக்கூடை பழக்கத்தில் அவள் இடுப்புக்கு வந்திருந்தது. தட்டுகளைப் பறித்து வெளியே வெயிலில் கொட்டிவிடலாம். அப்படி ஒரு எண்ணம் வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது. முட்டையிலிருந்து இறகால் தொட்டுத் தொட்டு எடுத்து வளர்த்தவை. கூடையைத் தரையில் வைத்துவிட்டு அவளும் தரையில் உட்கார்ந்தாள். கெஞ்சவில்லை.

கீழ்த்தட்டில் ஒரு கிழட்டுப் புழு இருந்தது. தின்று தின்று தோல் கண்ணாடி மாதிரி இழுபட்டிருந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றது. "அந்தப் பொம்பளை பெருக்க வந்தா, ஆளுக வயித்தை மட்டும்தான் பெருக்குவாளா?"

"தெரியலையே. ஏன்?"

"எனக்கும் உள்ள இடமே இல்லை. தோலு தெறிச்சுரும் போல இருக்கு. ஒரு நாளாவது நிறுத்திப் பாக்கணும்னு ஆசை. பயத்துல மென்னுக்கிட்டே இருக்கேன்."

"பயமா இருந்தா வேணாம்."

"நீதானே நிறுத்தச் சொன்னே!" என்று அது சிரித்தது. பிறகு வாயிலிருந்த இலையைத் துப்பியது. முன்பாதி உடம்பை மெல்ல நிமிர்த்தி, தலையைத் தூக்கி, அசையாமல் நின்றது.

பக்கத்துப் புழு அதைப் பார்த்தது. சாகிறதா என்று காத்திருந்தது. சாகவில்லை. அதுவும் இலையை விட்டது. ஒரு தட்டு ஓய்ந்தது, பிறகு அதற்கு மேல்தட்டு. மழை ஊர் ஊராக விலகிப் போவது போலச் சத்தம் அந்த அறையை விட்டு விலகிப் போயிற்று. கடைசித் தட்டும் அடங்கியபோது மெய்ஷூவுக்குக் காது வலித்தது. அத்தனை அமைதியை அவள் அந்த வீட்டில் கேட்டதே இல்லை. அடுத்த அறையில் புருஷனின் மூச்சு கேட்டது. முற்றத்தில் ஓர் இலை தரையைத் தொட்டது கேட்டது. ஆயிரமாயிரம் புழுக்கள் தலையைத் தூக்கி, தொலைவில் யாரோ தங்களை அழைப்பதுபோல நின்றிருந்தன.

வாசலில் ஈரக் காலடி விழுந்தது.

இடைக்காரி உள்ளே வந்தாள். முதலில் தாவ்பனிடம் போனாள். அவள் அவன் வயிற்றின்மேல் துடைப்பத்தை வைத்தபோது, அரைத் தூக்கத்தில் அவன், "அந்த ஆட்டுக்கறியை முதல்ல அனுப்புங்க, அதுதான் ரொம்ப நாளாக் கிடக்கு," என்று முணுமுணுத்தானாம். அவள் சிரித்ததை மெய்ஷூ அந்த ஒரு தடவைதான் பார்த்தாள். மூலைக்கு மூலை பெருக்கினாள். குளிர்காலம் எழுந்து போயிற்று, வசந்தம் போயிற்று, கோடை விசிறியை மடக்கிக்கொண்டு போயிற்று. பறை மாதிரி இருந்த வயிறு பழைய தலையணை மாதிரி தணிந்தது.

பிறகு புழு அறைக்குள் போனாள். ஒவ்வொன்றின் மேலும் துடைப்பத்தின் நுனியை லேசாக ஓட்டினாள். புழுக்கள் தலை தூக்கிய நிலையிலேயே உறங்கிப்போயின. அவற்றுக்கு வாய்த்த முதல் உறக்கம். மெய்ஷூவும் கூடை ஓரத்தில் சாய்ந்து உறங்கிவிட்டாள்.

அவள் கண் விழித்தபோது இடைக்காரி இல்லை. தரை மட்டும் ஈரம். தட்டுகளில் புழுக்கள் பழைய தோலைக் கழற்றிப் பக்கத்தில் போட்டுவிட்டு, இளசாக, பசியோடு நெளிந்துகொண்டிருந்தன. கீழ்த்தட்டுக் கிழட்டுப் புழு மட்டும் விழிக்கவில்லை. தோல் பாதி கழன்றிருந்தது. தலை தூக்கியபடியே இருந்தது. இழுபட்ட தோலை உரித்து வெளியே வரும் அளவுக்கு அதற்கு வயது மிச்சம் இல்லை.

"தாத்தாவுக்கு என்ன ஆச்சு?" என்று ஒரு குட்டிப்புழு கேட்டது.

"ஆசைப்பட்டதைப் பண்ணிப் பாத்துட்டாரு," என்றாள் மெய்ஷூ. அதை ஒரு முசுக்கொட்டை இலையில் சுற்றி, மரத்தடியில் வைத்துவிட்டு வந்தாள்.

உள்ளே தாவ்பன் எழுந்து உட்கார்ந்திருந்தான். "பசிக்குது," என்றான். "கொழுக்கட்டை எங்கே?"

"கொழுக்கட்டையா? குடலை உருவிடுவேன்," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தினையைக் கரைய விட்டு, இரண்டு துண்டு இஞ்சி தட்டிப் போட்டு, தண்ணீர் மாதிரி கஞ்சி காய்ச்சினாள். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தான். குடித்தது உள்ளேயே நின்றது.

புழுக்கள் அன்றே தங்களுக்குள் பேசி முடித்துவிட்டன. அவற்றின் ஆயுளோ ஒரு மாதம். இடைக்காரி வருவதோ ஆண்டுக்கு நான்கு தடவை. காத்திருந்தால் அவளைப் பார்க்காமலே போய்விட நேரும். ஆகவே அந்த நான்கு வருகைக்கும் தங்கள் சின்ன வாழ்வுக்குள்ளேயே இடம் ஒதுக்கிக்கொண்டன.

அன்று முதல்தான் பட்டுப்புழு தன் வாழ்நாளில் நான்கு தடவை இலையை விட்டுவிட்டு, தலையைத் தூக்கி, உண்ணாமல் உறங்கித் தோலுரிக்கிறது. அன்று முதல்தான் அந்த நாட்டில் பருவம் மாறுகிற நாட்களில் வீட்டுக்கு வீடு பெரிய சமையலை நிறுத்தி வெறும் தினைக்கஞ்சி குடிக்கிறார்கள், புழு உறங்கும் அறையைக் கடக்கும்போது யாராக இருந்தாலும் பேச்சைத் தாழ்த்தி நடக்கிறார்கள்.