பணியாரம் எழுத்து

"என் எழுத்தைக் கழற்றச் சொல்லிட்டாங்க, மேடம்," என்றார் மாசிலாமணி.

நஸ்ரின் நிமிர்ந்து பார்த்தார். கணினியில் எழுத்துரு செய்யக் கற்றுக்கொடுப்பவர் அவர். மாசிலாமணி அவரிடம் படிக்கும் ஓவிய ஆசிரியர். நஸ்ரினைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

"எங்கே?"

"ஆஸ்பத்திரியில, குழந்தைகள் வார்டு. ஊசி போடும் அறைக் கதவுல அந்த எழுத்துல ஒரு பலகை மாட்டியிருக்கேன்."

இரண்டு வருட உழைப்பு அந்த எழுத்துரு. பெயர் பணியாரம். ஒவ்வோர் எழுத்தும் உப்பிக்கொண்டு, பக்கத்து எழுத்தின் தோளில் சாய்ந்து நிற்கும். பார்த்தவர்கள் சிரிக்காமல் போனதில்லை.

"ஏன் கழற்றணுமாம்?"

"நர்ஸம்மா வந்து பாருங்கன்னு மட்டும் சொல்றாங்க. குழந்தைங்களுக்குக் குண்டு எழுத்துதானே மேடம் பொருத்தம்? நீங்களே சொல்லுங்க."

நஸ்ரின் கணினியை அணைத்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஆஸ்பத்திரியில் இருவரும் ஊசி அறைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

ஐந்து வயதுப் பெண் ஒருத்தி அப்பாவின் கையைப் பிடித்து வந்தாள். பலகையைப் பார்த்ததும் நின்றாள். மாசிலாமணியின் முகம் மலர்ந்தது.

"அப்பா, உள்ள விளையாட்டு இருக்கு."

அப்பா வாய் திறப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் அழுகுரல் கேட்டது.

வெளியே வந்தபோது அவள் அழவில்லை. பலகையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அப்பாவின் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அஞ்சு நாள் ஊசி," என்றார் அப்பா, பொதுவாக. "நாளைக்கு எப்படிக் கூட்டிட்டு வரப்போறேனோ."

மாசிலாமணி எழுந்து பலகையின் முன்னால் போய் நின்றார்.

"தூக்கிப் போட்டுடறேன், மேடம்."

"பலகையையா, எழுத்தையா?"

"எழுத்தைத்தான். பொய் சொல்லிடுச்சு."

"என்ன சொல்லிச்சு?"

"உள்ள சந்தோஷம் இருக்குன்னு."

"இந்த வார்டுல எந்தக் கதவுல அது நிஜம்?"

கேட்டுவிட்டு நஸ்ரின் கிளம்பிப் போய்விட்டார்.

மாசிலாமணி முதலில் பலகையைக் கழற்றினார். சாதாரண எழுத்தில் அதே வார்த்தைகளை எழுதி மாட்டினார். பிறகு வார்டைச் சுற்றி வந்தார். மருந்தறை, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை. ஒவ்வொரு கதவு முன்னாலும் நின்று பார்த்தார். மறுநாளும் வந்தார். அந்தப் பெண்ணை அப்பா தூக்கிக்கொண்டுதான் வந்தார். எந்தக் கதவைக் கண்டாலும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் கடைசி ஊசி முடிந்தது. அப்பாவின் தோளில் சாய்ந்தபடி வந்தவள், நடையின் கோடியில் தலையைத் தூக்கினாள். அங்கே ஒரு கதவில், புதுப் பலகையில், எழுத்துகள் உப்பிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன.

அவள் உடம்பு விறைத்தது.

"இங்கயும் ஊசியா?"

பக்கத்தில் நின்ற மாசிலாமணி ஓரடி முன்னால் வந்தார். "இல்லம்மா," என்றார். "வெளியேன்னு எழுதியிருக்கு."

"உள்ள என்ன இருக்கு?"

"ரோடு."

"அப்புறம்?"

"பஸ். உங்க வீட்டுக்குப் போற பஸ்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு அப்பாவின் இடுப்பிலிருந்து இறங்கி, ஒரு விரலால் கதவைக் கொஞ்சமாகத் தள்ளினாள்.

வெயில் உள்ளே வந்தது.